சீனக்குடா வானில் சிறு விமானங்கள் முட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சீனக்குடா வந்ததும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். விமானப்படைக் கல்விக்கூடத்தின் பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாகத் திரும்பிக்கொண்டிருக்கும். சில நாட்களில் அதற்குப் பின்னால் இன்னொன்று. இடைக்கிடை உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றும் அதே வரிசையில் வந்து சேரும். "இதுகள் ஒண்டோடொண்டு முட்டாதா?" என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

நான் பறக்கப் பழகியது சீனக்குடாவில் அல்ல, வேறிடத்தில். தனியார் விமானி உரிமம் எடுத்தவன் என்பது ஊரில் தெரிந்ததால் இந்தக் கேள்வி கலியாண வீட்டிலும் வரும், தேநீர்க் கடையிலும் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கும் இடத்தில் முட்டுவதற்கு வாய்ப்பே இல்லைத்தானே?

இருக்கிறது. கட்டுப்பாட்டு வான்வெளி என்ற பெயரே ஆளை ஏமாற்றும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வான்வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் ஐந்தும் கட்டுப்பாட்டு வான்வெளிதான். ஆனால் ஐந்திலும் கட்டுப்பாடு ஒரே அளவில் இல்லை.

பறப்பதில் இரண்டு முறை உண்டு. கருவிகளை நம்பி, கட்டுப்பாட்டாளர் கொடுத்த பாதையில் பறப்பது ஐஎஃப்ஆர். வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பது விஎஃப்ஆர். சிறு விமானங்களும் பயிற்சி விமானங்களும் நல்ல வானிலையில் பெரும்பாலும் இரண்டாவது முறையில்தான் பறக்கும். ஏ வகையில் விஎஃப்ஆருக்கு இடமே இல்லை. பி வகையில் எல்லாரையும் எல்லாரிடமிருந்தும் கட்டுப்பாட்டாளரே விலக்கி வைப்பார். சி வகையில் விஎஃப்ஆர் விமானத்தை ஐஎஃப்ஆர் விமானத்திலிருந்து விலக்குவார். இரண்டு விஎஃப்ஆர் விமானங்களுக்கு ஒன்றைப் பற்றி மற்றதற்குத் தகவல் மட்டும் தருவார். டி வகையில் ஐஎஃப்ஆரிலிருந்து ஐஎஃப்ஆரை மட்டும்தான் விலக்குவார். விஎஃப்ஆர்காரருக்கு எல்லாமே தகவல்தான். ஈ வகையில் விஎஃப்ஆர்காரர் ரேடியோவில் கதைக்கவேண்டும் என்றுகூட இல்லை.

கோபுரம் உள்ள சிறிய, நடுத்தர நிலையங்களைச் சுற்றிப் பல நாடுகளில் இருப்பது டி வகை. அங்கே செஸ்னா என்ற வகைச் சிறு விமானங்கள் இரண்டு ஆளுக்கொரு பக்கமிருந்து வந்தால், காற்றில் அவற்றுக்கிடையே இத்தனை அடி, இத்தனை மைல் இடைவெளி வைத்தே தீரவேண்டும் என்ற கடமை கட்டுப்பாட்டாளருக்கு இல்லை. "அங்கே ஒருவர் வருகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். பார்ப்பதும் விலகுவதும் விமானியின் பொறுப்பு. பறக்கப் பழகும் பிள்ளைகள் பலருக்கு இது புத்தகத்தில் தெரியும். மனதில் பதிய நாளெடுக்கும். கோபுரத்தின் குரல் காதில் கேட்டுக்கொண்டிருந்தால் யாரோ நம் கையைப் பிடித்திருப்பது போலத் தோன்றிவிடும். அந்தத் தோற்றம்தான் ஆபத்து.

அப்படியானால் கோபுரத்தில் இருப்பவர் என்னதான் செய்கிறார்?

பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளர் செய்யும் வேலைக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது. எந்த பஸ் முதலில், எது அடுத்தது என்று அவர் ஒழுங்குபடுத்துவார். அவர் எந்த பஸ்ஸையும் ஓட்டுவதில்லை. கோபுரத்தவர் "நீங்கள் இரண்டாவது, முன்னால் போகும் செஸ்னாவைப் பின்தொடருங்கள்" என்று வரிசை கொடுப்பார். ஓடுபாதையைப் பொறுத்தவரை அவர் கண்டிப்பானவர்: ஒரு விமானம் இறங்கி விலகும் முன் அடுத்ததற்கு அனுமதி கிடைக்காது. காற்றில் இருக்கும் வரிசைக்கு மட்டும் அவர் நம் கண்ணை நம்பியிருக்கிறார்.

வானம் இவ்வளவு பெரிது. இரண்டு சிறு விமானங்கள் ஒரே இடத்துக்கு எப்படி வரும்?

வானம் பெரிதுதான். ஓடுபாதை ஒன்றுதான். நிலாவெளிக்கு மேலேயோ கொட்டியாரக்குடாவுக்கு மேலேயோ இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று தேடிப்போய் முட்டுவது அபூர்வம். முட்டல்களில் பெரும்பகுதி நல்ல வெளிச்சத்தில், தெளிந்த வானில், விமான நிலையத்தைச் சுற்றிய சில மைல்களுக்குள் நடப்பவை. புயலிலும் இருட்டிலும் நடப்பதாகத்தான் ஊரில் நினைக்கிறார்கள்.

காரணம் சேர்கிட். இறங்க வரும் விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றி ஒரு நீள்சதுரப் பாதையில் வருகின்றன. பொதுவாக நிலத்திலிருந்து 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்வின்ட். குறுக்கே திரும்புவது பேஸ். ஓடுபாதைக்கு நேரே வந்து இறங்குவது பைனல். எல்லாரும் கடைசியில் பைனல் என்ற ஒரு புனலுக்குள் வந்து விழவேண்டும். வெவ்வேறு வேகத்தில் வருகிறார்கள் என்பது அடுத்த சிக்கல். கேரவன் போன்ற ஒன்று 70, 80 நொட்டில் (ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) ஊரும் பயிற்சி செஸ்னாவின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட அதிக நேரம் தேவையில்லை. பின்னாலிருந்து வருபவரைச் செஸ்னாக்காரரால் பார்க்கவும் முடியாது.

எங்கள் ஊர்க் காற்றும் இதில் சேர்த்தி. சீனக்குடா ஓடுபாதையின் ஒரு முனைக்கு 06, மறுமுனைக்கு 24 என்று எண். அதாவது திசைகாட்டியில் ஏறக்குறைய 60 பாகை, 240 பாகை. விமானம் காற்றுக்கு எதிராக இறங்கவேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துறைமுகப் பக்கமிருந்து வந்து 24இல் இறங்குவது வசதி. வாடைக்காற்றுக் காலத்தில் தம்பலகாமப் பக்கமிருந்து வந்து 06இல். இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் விடியற்காலை நிலக்காற்று, வெயில் ஏறக் கடற்காற்று. எந்த நிலையத்திலும் இப்படிக் காற்று புரண்டு ஓடுபாதைத் திசை மாறும் சில நிமிடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய திசைக்கு ஆயத்தமாகி வருபவரும் புதிய திசைக்கு வருபவரும் நேருக்கு நேர் ஆகிவிடலாம்.

எதிரே ஒரு விமானம் வந்தால் தெரியாமலா போகும்?

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு சிறு விமானங்கள், ஒவ்வொன்றும் 100 நொட், நேருக்கு நேர். நெருங்கும் வேகம் 200 நொட்; வினாடிக்கு ஏறக்குறைய 103 மீட்டர்.

ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று விளங்கி, நம்மீது வருகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கையை அசைத்து, விமானமும் அசைவதற்கு மொத்தம் 12.5 வினாடி எடுக்கும் என்று அமெரிக்க விமான நிர்வாகத்தின் வழிகாட்டி சொல்கிறது. அதில் 5 வினாடி "இது நம்மோடு மோதும்" என்று உணர்வதற்கும், 4 வினாடி முடிவெடுப்பதற்கும் போய்விடுகிறது. கையும் தசையும் கேட்பது அரை வினாடிக்கும் குறைவு.

12.5 வினாடி என்றால் 1.3 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் செஸ்னா 150 எப்படித் தெரியும்? அதன் இறக்கை முனைக்கு முனை 10 மீட்டர் சொச்சம். கையை நீட்டி விரல் நுனியில் ஒரு மிளகை வைத்துப் பாருங்கள். அந்த மிளகின் அகலம்தான் முழு இறக்கையும். அதுவும் மிளகு போல உருண்டையாக அல்ல, மயிரிழை போல ஒரு கோடாக. நடுவில் உடற்பகுதி அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அதைக் கண்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு கண்டால் தாமதம்.

இன்னொரு கெடுதி: அது சீராகப் பெரிதாவதில்லை. முதல் 6 வினாடியில் இரண்டு மடங்கு. அடுத்த 3 வினாடியில் மறுபடி இரண்டு மடங்கு. அதற்கடுத்த ஒன்றரை வினாடியில் மறுபடியும். கடைசிவரை புள்ளியாக நின்றது திடீரென்று கண்ணாடி முழுக்க விரியும்.

மோதப்போகும் விமானத்தை எப்படி அடையாளம் காண்பது?

இதை எனக்கு முதலில் சொல்லித்தந்தது விமானப் பயிற்றுநர் அல்ல. மூதூர்ப் பக்கம் வள்ளம் ஓட்டிய என் மாமா. பத்து வயதில் அவரோடு கொட்டியாரக்குடாவில் போயிருந்தேன். தூரத்தில் இன்னொரு வள்ளம். மாமா வள்ளத்தின் பக்கப் பலகையில் ஒரு ஆணியைக் காட்டினார். "மருமகன், அந்த ஆணிக்கு நேரே அந்த வள்ளத்தை வைச்சுப் பார். அது ஆணியை விட்டு முன்னுக்கோ பின்னுக்கோ போனால் பயமில்லை. ஆணியிலயே நிண்டு பெருத்துக்கொண்டு வந்தால் அது எங்களிட்டைத்தான் வருது."

வானிலும் அதே கதைதான். கண்ணாடியில் இடம் நகர்ந்து ஓடும் விமானம் முன்னாலோ பின்னாலோ கடந்துபோகும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது வந்து சேரும். மனிதக் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். நம்மைக் கொல்லக்கூடிய அந்த ஒன்றுதான் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தென்படுவது. அது நின்ற இடத்தில் ஜன்னல் சட்டமோ இறக்கைத் தாங்கியோ இருந்தால் கடைசிவரை தெரியாது. அதனால்தான் தலையை முன்னும் பின்னும் பக்கத்துக்கும் அசைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா?

போதாது. கண்ணை வானத்தில் ஒரே வீச்சாக ஓட்டினால் அந்த ஓட்டத்தின்போது கண் ஒன்றையும் பிடிக்காது. சுமார் 10 பாகை அகலத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு வினாடி நிறுத்திப் பார்க்கவேண்டும். அப்புறம் வெறும் நீலவானத்தைப் பார்க்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் கண் தானாகவே கிட்டடிக்குக் குவிந்துவிடும். தூரத்துப் புள்ளி மங்கிவிடும். இதற்கு நான் செய்வது, தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு வானுக்குத் திரும்புவது. திருகோணமலையில் பறப்பவருக்குக் கோணேசர் மலை அதற்கென்றே வைத்ததுபோல் இருக்கும்.

உங்களுக்கு எப்போதாவது அப்படி நடந்ததுண்டா?

ஒருமுறை. எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. பயிற்றுநரோடு மேல்-இறக்கைச் செஸ்னாவில் டவுன்வின்டில் போகிறேன். "நீங்கள் இரண்டாவது, முன்னால் பேஸில் உள்ள விமானத்தைப் பின்தொடருங்கள்" என்று கோபுரம் சொன்னது. ஒரு விமானம் தெரிந்தது. "ட்ராஃபிக் இன் சைட்", அதாவது கண்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். சொன்னதும் மனம் இலேசாகிவிட்டது. தேடுவதை நிறுத்திவிட்டேன்.

நான் பார்த்தது வேறொன்று. நிலையத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்த மூன்றாவது விமானம். நான் பின்தொடரவேண்டியது கீழ்-இறக்கை விமானம். அது அகலமான பேஸ் எடுத்ததால் நான் முன்னால் புகுந்து அதற்குக் கீழே வந்துவிட்டேன். உச்சி வெயில். பைனலில் கீழே வயல். பச்சை வயலில் எங்கள் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழல்.

எனக்கு அது என்ன என்று விளங்கவில்லை. உண்மையில் அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. பயிற்றுநர் "ஐ ஹேவ் கொன்ட்ரோல்", இனி விமானம் என் கையில் என்றார். அந்தக் குரலில் அவர் அதுவரை என்னிடம் பேசியதில்லை. மூக்கை இறக்கி வலப்பக்கம் திருப்பினார். இடப்பக்க இறக்கைக்கு மேலே ஒரு சக்கரம் தெரிந்தது. சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது.

இறங்கிய பின் அவர் ஏசவில்லை. "எதைப் பார்த்தாய் என்று சொல்லாமல் கண்டேன் என்று சொல்லாதே" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் விமானத்தின் நிறம், இறக்கை மேலா கீழா, எந்த இடம் மூன்றும் பொருந்தினால்தான் கண்டேன் என்கிறேன்.

மேல்-இறக்கை, கீழ்-இறக்கை என்பதில் என்ன இருக்கிறது?

நிறைய. சீனக்குடாவிலேயே இரண்டும் உண்டு. செஸ்னா 150க்கு இறக்கை விமானியின் தலைக்கு மேல். கீழே நன்றாகத் தெரியும், மேலே கூரை. பிடி-6 என்ற பயிற்சி விமானத்துக்கு இறக்கை இருக்கைக்குக் கீழ். மேலே கண்ணாடி, கீழே மறைவு. பைனலில் கீழ்-இறக்கைக்காரர் மேலேயும் மேல்-இறக்கைக்காரர் கீழேயும் இருந்தால் இருவருக்கும் மற்றவர் தெரியமாட்டார், எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும். எனக்கு நடந்தது இதுதான். திரும்பும்போதும் மேல்-இறக்கை திரும்பும் பக்கத்தையே மறைத்துவிடும். எனவே திரும்ப முன் அந்தப் பக்க இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துவிட்டே சாயவேண்டும். ஏறும்போது மூக்கு முன்பக்கத்தை மறைக்கும். நீண்ட ஏற்றமானால் இடையிடையே மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார்கள்.

யார் யாருக்கு வழிவிடவேண்டும்?

கடலில் வள்ளக்காரருக்குத் தெரிந்த விதிதான் பெரும்பாலும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்பவேண்டும். குறுக்கே வந்தால், தன் வலப்பக்கத்தில் மற்றவரைக் காண்பவர் வழிவிடவேண்டும். முந்துபவர் வலப்பக்கத்தால் முந்தவேண்டும், முந்தப்படுபவருக்கே உரிமை. இறங்க வருபவர்களில் தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை, ஆனால் அதைச் சாட்டாக வைத்துப் பைனலில் மற்றவருக்கு முன்னால் புகக்கூடாது.

வீதியில் நாங்கள் இடப்பக்கம் போய்ப் பழகியவர்கள். அந்தரத்தில் கை இடப்பக்கம் இழுக்கும். இதைப் பயிற்சியில்தான் மாற்றவேண்டும்.

ரேடியோவில் "டூ ஓ குளொக்" என்று மணி சொல்கிறார்களே, எதற்கு?

விமானத்தின் மூக்கு 12 மணி. வலது இறக்கை 3 மணி. வால் 6 மணி. "இரண்டு மணியில், மூன்று மைலில், எதிர்த்திசையில்" என்றால் வலப்பக்கம் முன்னால் தேடவேண்டும். ஒரு நுணுக்கம் உண்டு. ரேடார் பார்த்துச் சொல்பவருக்கு விமானம் நகரும் பாதைதான் தெரியும், மூக்கு பார்க்கும் திசை தெரியாது. பக்கக் காற்றைச் சமாளிக்க நாம் மூக்கை ஒருபக்கம் திருப்பி நண்டுபோல் போய்க்கொண்டிருந்தால் அவர் சொல்லும் 12 மணி நமக்கு 11ஆகவோ 1ஆகவோ இருக்கும். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் இரண்டு பக்கமும் கூட்டித் தேடவேண்டும்.

பதில் இரண்டே வகை: கண்டேன், காணவில்லை. கண்டு பிறகு தவறவிட்டால் உடனே அதையும் சொல்லவேண்டும். 1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727 ஒன்றும் பயிற்சியில் இருந்த செஸ்னா 172 ஒன்றும் மோதின. இரண்டும் கட்டுப்பாட்டாளரோடு தொடர்பில்தான் இருந்தன. செஸ்னாவைப் பற்றிப் போயிங் விமானிகளுக்குச் சொல்லப்பட்டது, கண்டதாகவும் சொன்னார்கள். பிறகு பார்வையிலிருந்து தவறிவிட்டது. கடந்து போயிருக்கும் என்று தங்களுக்குள் எண்ணிக்கொண்டார்கள். தவறவிட்டோம் என்று தெளிவாகக் கோபுரத்துக்குச் சொல்லவில்லை. அது அவர்களுக்கு முன்னால், கீழே, அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. நிலத்தில் இருந்தவர்களோடு சேர்த்து 144 பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே, பிறகென்ன பயம்?

பெரிய விமானங்களில் டிகாஸ் என்ற கருவி உண்டு. அது மற்ற விமானத்தின் ட்ரான்ஸ்பொண்டரோடு, அதாவது ரேடார் கேட்டதும் தானாகப் பதில் அனுப்பும் கருவியோடு பேசி, மோதும்போல் இருந்தால் ஏறு, இறங்கு என்று கட்டளையே கொடுக்கும். 5,700 கிலோவுக்கு மேற்பட்ட அல்லது 19 பயணிகளுக்கு மேல் ஏற்றும் டர்பைன் விமானங்களுக்குத்தான் சர்வதேச விதி இதைக் கேட்கிறது. கேரவன் 4,000 கிலோவுக்குள். செஸ்னா 150 அதன் கால்பங்குகூட வராது. எனவே சேர்கிட்டில் சுற்றும் சிறு விமானத்தில் அப்படி ஒன்று இருக்கும் என்று எண்ணவேண்டாம்.

ட்ரான்ஸ்பொண்டர் கட்டாயம் போட்டுவைக்கவேண்டும், அதுவும் உயரத்தையும் அனுப்பும் வகை. 1986 ஆகஸ்ட் 31 அன்று லொஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே செரிடோஸில் ஏரோமெக்சிகோ டிசி-9 மீது மோதிய பைப்பர் விமானம் அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வந்திருந்தது; அதன் ட்ரான்ஸ்பொண்டர் உயரம் அனுப்பவில்லை. நிலத்தில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் போனார்கள். பயணிகள் விமானங்களுக்கு டிகாஸை அமெரிக்கா சட்டமாக்கியது அதன் பிறகு.

ஐபாடில் மற்ற விமானங்கள் தெரிகின்றனவாம்?

தெரியும். ஏடிஎஸ்-பி என்பது விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்புவது. மற்றவர் வாங்கித் திரையில் பார்க்கலாம். நல்ல பொருள், இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒலிபரப்பாதவர் திரையில் இல்லை, வானில் இருக்கிறார். சேர்கிட்டுக்குள் வந்த பிறகு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரை எனக்குப் பிடிக்காது. கோபம்கூட வரும்.

ஆளுக்கொரு உயரத்தில் பறந்தால் தீர்ந்ததே?

தூரப் பயணத்தில் அப்படித்தான். விஎஃப்ஆர்காரர் கிழக்குப் பாதி நோக்கிப் போனால், அதாவது 000 முதல் 179 பாகை வரை, ஒற்றை ஆயிரத்தோடு 500 அடி: 3,500, 5,500. மேற்குப் பாதி என்றால் இரட்டை ஆயிரத்தோடு 500: 4,500, 6,500. ஐஎஃப்ஆர்காரர் முழு ஆயிரங்களில். எதிரெதிர்ப் பயணிகள் இப்படிப் பிரிந்துவிடுவார்கள்.

இது சரியாக நடக்க எல்லாரின் உயரமானியும் ஒரே அழுத்த எண்ணில் இருக்கவேண்டும். கோபுரம் கொடுக்கும் அந்த எண் கியூஎன்எச். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழைத்தால் ஏறக்குறைய 27 அடி பிழைக்கும். நேற்றைய எண்ணோடு 10 பிழையாக வந்தவர் தன்னையறியாமல் 270 அடி தள்ளியிருப்பார். 500 அடி இடைவெளியில் பாதிக்கு மேல் போய்விட்டது. சேர்கிட்டிலோ எல்லாரும் ஒரே 1,000 அடியில். அங்கே உயரம் காப்பாற்றாது.

இரண்டு ஓடுபாதை இருந்தால் நெருக்கடி குறையுமா?

குறையும், வேறொன்று கூடும். 2021 மே 12 அன்று கொலராடோவின் சென்டெனியல் நிலையத்தில் இணையான இரண்டு ஓடுபாதைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு சிறு விமானங்கள் இறங்க வந்தன. சிரஸ் எஸ்ஆர்22 தன் பைனலைத் தாண்டி அகலமாகத் திரும்பி, பக்கத்து ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்த மெட்ரோலைனர் சரக்கு விமானத்தின் முதுகைப் பிளந்தது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசையில் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தன. சிரஸ் தன் முழு விமானப் பாரசூட்டில் இறங்கியது. மெட்ரோலைனர் கிழிந்த முதுகோடு ஓடுபாதையில் இறங்கியது. மூன்று பேரில் ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். சீனக்குடாவில் ஒரே ஓடுபாதைதான்.

ரேடியோ செத்துப்போனால்?

ட்ரான்ஸ்பொண்டரில் 7600 போடவேண்டும். மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு சேர்கிட்டில் சேர்ந்து, கோபுரத்திலிருந்து வரும் வெளிச்சத்தைக் கவனிக்கவேண்டும். அணையாத பச்சை: இறங்கலாம். அணையாத சிவப்பு: மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மின்னும் சிவப்பு: இறங்காதே, நிலையம் பாதுகாப்பில்லை. மின்னும் பச்சை: இறங்கத் திரும்பி வா. விளங்கியது என்று காட்ட, பகலில் இறக்கைகளை ஆட்டுவார்கள்.

2011இல் நம் நாட்டில் இரண்டு கிபிர் போர் விமானங்கள் மோதினவே, அதுவும் இப்படியா?

இல்லை. 2011 மார்ச் 1 அன்று கம்பஹாவுக்கு அருகே நடந்தது, விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழாவுக்கான ஒத்திகைப் பறப்பில். ஒரு விமானி இறந்தார். அணிவகுப்பில் வேண்டுமென்றே நெருங்கிப் பறக்கிறார்கள். ஒன்றையொன்று தெரியாமல் வந்து மோதுவது வேறு.

கீழே நின்று பார்க்கும் எங்களுக்கு, இரண்டு விமானம் நெருங்கிவிட்டது என்று தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. கிண்ணியாப் பாலத்தில் நின்று பார்த்தால் ஒன்றையொன்று தொடுவதுபோல் இருக்கும் இரண்டு விமானங்களில் ஒன்று இன்னொன்றுக்கு ஒரு மைல் பின்னால் இருக்கலாம். ஒரே வகை விமானங்களானால் அளவைப் பாருங்கள். ஒன்று மற்றதில் பாதியாகத் தெரிந்தால் அது இரட்டிப்புத் தூரத்தில் இருக்கிறது. அளவும் ஒன்றாய், வகையும் ஒன்றாய், இரண்டும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் அது அநேகமாகச் சோடியாகப் பறக்கும் பயிற்சி. பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள் என்றால் பாலத்தில் வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.